மைலுக்கு 65 சென்ட் என்றால் கைக்கு எவ்வளவு? அமெரிக்க ட்ரக் கம்பெனி டிரைவர் சம்பளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கிளாஸ் ஏ சிடிஎல் என்ற கனரக ட்ரக் லைசென்ஸ் கைக்கு வந்த மறுவாரமே போன் அடிக்கத் தொடங்கிவிடும். கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் ஒவ்வொரு ரெக்ரூட்டரும் முதலில் சொல்வது ஒரே ஓர் எண்ணைத்தான்: மைலுக்கு இத்தனை சென்ட். ஒன்பது வருடம் கம்பெனி டிரைவராக ஓட்டினேன், முதலில் ட்ரை வேன் (சாதாரண மூடிய ட்ரெய்லர்), பிறகு ரீஃபர் (குளிரூட்டிய ட்ரெய்லர்). இப்போது புதிதாக வரும் தம்பிகள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, ஒருத்தன் 58ங்கறான், இன்னொருத்தன் 65ங்கறான், எதுக்குப் போறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கம்பெனி டிரைவர் என்றால் வண்டி, டீசல், இன்சூரன்ஸ் எல்லாம் கம்பெனியுடையது, ஓட்டுவது மட்டும் நம் வேலை. சொந்த வண்டி வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு. அதை இங்கே எடுக்கவில்லை.

65 சென்ட் 58ஐ விடப் பெரியதுதானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மைலுக்கான ரேட் பாதிக் கணக்குதான். மீதிப் பாதி, வாரத்துக்கு எத்தனை மைலுக்குக் காசு தருகிறார்கள் என்பது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் கம்பெனி 65 சென்ட் தருகிறது. சராசரியாக வாரத்துக்கு 2,100 மைலுக்குத்தான் காசு வருகிறது. மொத்தம் 1,365 டாலர். காத்திருப்புக்கு ஒன்றும் கிடையாது.

இரண்டாவது கம்பெனி தருவது 58 சென்ட். வாரத்துக்கு 2,450 மைல் கிடைக்கிறது, அதற்கு 1,421 டாலர். டெலிவரி இடங்களில் காத்திருந்ததற்கு மணிக்கு 20 டாலர் வீதம் நாலு மணி நேரம், இன்னொரு 80. மொத்தம் 1,501.

இரண்டு பேரும் அந்த வாரத்தில் 62 மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆளுக்கு மணிக்கு 22 டாலர், இரண்டாமவருக்கு 24 டாலர் 20 சென்ட். வருடத்துக்கு 50 வாரம் ஓட்டினால் வித்தியாசம் 6,800 டாலர். விளம்பரத்தில் 65 போட்ட கம்பெனிதான் இதில் குறைவு. அதனால் எந்த ஆஃபர் வந்தாலும் அதை வாரத் தொகையாக மாற்றி, வேலை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். கீழே வரும் கேள்விகள் எல்லாமே இந்த வகுத்தலில் எந்த எண்ணைப் போடுவது என்பதைப் பற்றியவைதான்.

மைல் என்றால் மைல்தானே? அதிலும் வகை உண்டா?

மூன்று வகை உண்டு. புதிதாக வருபவர்கள் கேட்க மறப்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஹப் மைல் என்பது வண்டியின் ஓடோமீட்டர் காட்டும் மைல். ஓடியதற்கெல்லாம் காசு. இதைத் தருகிற கம்பெனிகள் குறைவு. பிராக்டிக்கல் மைல் என்பது ட்ரக் போகக்கூடிய நெடுஞ்சாலை வழியைச் சாஃப்ட்வேர் கணக்கிட்டுச் சொல்லும் தூரம். ஓடியதற்கு ஓரளவு பக்கத்தில் வரும். மூன்றாவது ஹெச்ஹெச்ஜி மைல். வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் மூவர்ஸ் கம்பெனிகளுக்காகத் தயாரான பழைய தூரப் பட்டியலிலிருந்து வந்த பெயர், டிரைவர்கள் ஷார்ட் மைல் என்பார்கள். ஊருக்கு ஊர் மிகக் குறுகிய வழியை அது எடுத்துக்கொள்ளும். அந்த வழியில் 53 அடி ட்ரெய்லர் திரும்ப முடியுமா என்பது அதன் கவலை இல்லை.

ஷார்ட் மைல் கணக்கு, உண்மையில் ஓடியதைவிட 5 முதல் 10 சதவீதம் வரை குறைவாக வருவது வழக்கம். ஓடோமீட்டரில் 1,000 மைல் ஓடி, செட்டில்மெண்ட்டில் (வாரச் சம்பளக் கணக்கு) 930 என்று வந்தால் 65 சென்ட்டுக்கு 604 டாலர் 50 சென்ட் கிடைக்கும். அதாவது ஓட்டிய மைலுக்கு 60 சென்ட்தான். பிராக்டிக்கல் மைலுக்கு 61 சென்ட் தருகிற கம்பெனி இதைவிட மேல்.

அப்புறம் காலி மைல். லோட் இறக்கிவிட்டு அடுத்த லோட் எடுக்க 140 மைல் வெறும் ட்ரெய்லரோடு போகிறீர்கள், டெட்ஹெட் என்பது இதுதான். அதற்கும் அதே ரேட்டா, பாதி ரேட்டா, முதல் 50 மைல் இலவசமா? கேட்டுவிடுங்கள்.

"வாரம் 3,500 மைல் கேரண்டி" என்கிறார் ரெக்ரூட்டர். நம்பலாமா?

அவரை நம்புவதற்கு முன் கடிகாரத்தைக் கேளுங்கள். ஃபெடரல் விதிப்படி 10 மணி நேரம் தொடர் ஓய்வுக்குப் பிறகு, வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டினால் 30 நிமிட இடைவேளை. எட்டு நாளில் மொத்த வேலை நேரம் 70 மணியைத் தொட்டால் அதற்கு மேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. 34 மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓய்வெடுத்தால் அந்த 70 மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2017 டிசம்பரில் வேலை நேரத்தைத் தானாகப் பதியும் ஈஎல்டி கருவி கட்டாயமான பிறகு காகித லாக் புத்தகத்தில் "அட்ஜஸ்ட்" பண்ணிக்கொண்ட காலம் முடிந்துவிட்டது.

இப்போது 3,500ஐ வகுத்துப் பாருங்கள். கம்பெனி வண்டியின் வேகம் பெரும்பாலும் மணிக்கு 62 முதல் 68 மைலுக்குள் கட்டப்பட்டிருக்கும். மேடு, ட்ராஃபிக், கட்டுமான வேலை எல்லாம் சேர்த்தால் சராசரி 55 வந்தாலே நல்ல நாள். 3,500 மைலுக்கு 63 மணி 40 நிமிடம் வேண்டும். மீதி இருக்கிற 6 மணி 20 நிமிடத்துக்குள் ஒரு வாரத்தின் வண்டி சோதனை, டீசல், எடை நிலையம், லோட் ஏற்றி இறக்குவது எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். தனி ஆளால் எப்போதாவது ஒரு வாரம் முடியலாம், வாராவாரம் முடியாது. தனியாக ஓட்டுகிறவருக்கு 2,200 முதல் 2,700 வரை என்று யாராவது சொன்னால் அவர் ஓரளவு உண்மை பேசுகிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

எந்தப் பக்கம் ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நெப்ராஸ்காவில் ஐ-80 மேல் ஒரு மணி நேரத்தில் ஓடுகிற தூரமும், நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தைத் தாண்டி பிராங்ஸுக்குள் ஊர்ந்து போகிற தூரமும் ஒன்றில்லை. கலிபோர்னியாவில் ட்ரக்குக்கு வேக வரம்பே 55தான். வடகிழக்கு மாநிலங்களுக்குள் மட்டும் சுற்றும் வேலைக்கு 65 சென்ட்டும், தெற்கிலும் மத்தியிலும் ஓடும் வேலைக்கு 58 சென்ட்டும் கொடுத்தால் நான் 58ஐ எடுப்பேன்.

வேர்ஹவுஸில் மணிக்கணக்காகக் காத்திருந்தால் காசு கிடைக்குமா?

இந்த வேலையில் சம்பளம் ஒழுகுகிற பெரிய ஓட்டை இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொதுவாக அப்பாயின்ட்மெண்ட் நேரத்திலிருந்து முதல் இரண்டு மணி நேரம் இலவசம். அதற்கு மேல் போனால் டிடென்ஷன் என்று மணிக்கு 15, 20, 25 டாலர் தருவதாகச் சொல்வார்கள். பேப்பரில் அப்படி. நடப்பில் அதற்கு ஏகப்பட்ட கொக்கிகள்.

எனக்கு நடந்தது இது. ஒரு மளிகைக் குளிர்பதனக் கிடங்கு, பெயர் வேண்டாம். காலை 6 மணிக்கு அப்பாயின்ட்மெண்ட். 5 மணிக்கு லாக்கில் வேலை தொடங்கி, வண்டியைச் சோதித்து, 5:40க்கு கேட்டில் நின்றேன். கதவு எண் கொடுத்தார்கள், சரக்கு இறக்கும் டாக்கில் வண்டியை ஒட்டி நிறுத்தினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. 22 பாலட் கோழி இறைச்சி. உள்ளே ஃபோர்க்லிஃப்ட் ஏறினால் வண்டி குலுங்கும், அதை வைத்துத்தான் வேலை நடக்கிறதா என்று தெரிந்துகொள்வோம். 9 மணி வரை ஒரு குலுக்கல் இல்லை. அப்புறம் நாலு தரம் குலுங்கி மறுபடி அமைதி. 12:40க்குத்தான் பச்சை விளக்கு வந்தது. ரசீதில் "இன் டைம்" 7:30 என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

இலவச இரண்டு மணி போக 4 மணி 40 நிமிடம். 90 டாலருக்கு மேல் வந்திருக்க வேண்டும். வந்தது பூஜ்யம். இரண்டு மணி நேரம் முடிவதற்குள் டிஸ்பாட்சுக்கு (லோட் ஒதுக்கும் கம்பெனி ஆபீஸ்) மெசேஜ் அனுப்பியிருக்க வேண்டுமாம், நான் 8:15க்கு அனுப்பினேன், கால் மணி நேரம் தாமதம். அதோடு வாடிக்கையாளரிடம் வசூலானால்தான் டிரைவருக்கு என்று கம்பெனி விதியில் ஒரு வரி. இரண்டையும் ஓரியன்டேஷனில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை.

நஷ்டம் அந்த 90 டாலரோடு நிற்கவில்லை. 14 மணி நேரக் கடிகாரம் காலை 5 மணியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது, மாலை 7 மணிக்கு அது முடிந்துவிடும். வெளியே வந்தபோது ஆறு மணி நேரம்தான் பாக்கி, அன்றைக்கு 330 மைல் கூட ஓடவில்லை. நேரத்தோடு விட்டிருந்தால் இன்னும் 200 மைல் கூடுதலாக ஓடியிருப்பேன்.

இது என் ஒருவன் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, இப்படிக் காத்திருப்பதால் ட்ரக்லோட் டிரைவர்கள் வருடத்துக்கு 110 முதல் 130 கோடி டாலர் வரை வருமானம் இழக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. காத்திருப்பு 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடுகிறது என்றும் அதில் இருக்கிறது. தாமதத்தை ஈடுகட்ட மிதிக்கிறோம், வேறென்ன?

ஆக, ரெக்ரூட்டரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை மணி நேரம் இலவசம், கடிகாரம் நான் கேட்டில் நுழைந்ததிலிருந்தா அப்பாயின்ட்மெண்ட்டிலிருந்தா, வாடிக்கையாளர் கொடுக்காவிட்டாலும் எனக்கு உண்டா, யாருக்கு எப்போது மெசேஜ் அனுப்ப வேண்டும். லோடே இல்லாமல் ஒரு நாள் முழுக்க நிறுத்தினால் தரும் லேஓவர் காசுக்கும், வண்டி பழுதானால் தரும் பிரேக்டவுன் காசுக்கும் இதே கேள்விகள்தான். இன்னொன்று, அவர்களுடைய லோடுகளில் எத்தனை பங்கு ட்ராப் அண்ட் ஹுக். நிரம்பிய ட்ரெய்லரை விட்டுவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொண்டு கிளம்பும் முறை அது. அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். ட்ராப் அண்ட் ஹுக் அதிகமுள்ள கம்பெனியில் 3, 4 சென்ட் குறைந்தாலும் பரவாயில்லை என்பேன்.

வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை. ஓவர்டைம் கிடையாதா?

பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது. 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி என்று சொல்கிற அதே 1938ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஓட்டுபவர்களுக்கு அதிலிருந்து விலக்கும் வைத்திருக்கிறது. அந்த விலக்கு இன்னும் நிற்கிறது. ஃபெடரல் குறைந்தபட்சக் கூலி மட்டும் பொருந்தும். அது 2009லிருந்து மணிக்கு 7 டாலர் 25 சென்ட்டிலேயே நிற்கிறது.

சில மாநிலங்கள் கொஞ்சம் கடுமை. கலிபோர்னியாவில் 2016 ஜனவரி 1 முதல், மைல் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கும் ஓய்வு இடைவேளைக்கும் ஓட்டாத வேலை நேரத்துக்கும் தனியாக மணிக்கூலி தர வேண்டும். அதே வருட நவம்பரில், வண்டி சோதனைக்கும் கட்டாய ஓய்வு நேரத்துக்கும் கூலி தராததற்காக வால்மார்ட் 5.4 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று அந்த மாநில டிரைவர்கள் தொடுத்த வழக்கில் ஜூரி சொன்னது. வேறு மாநிலத்தில் வீடு இருந்தால் இதையெல்லாம் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது.

பெர் டியம் என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது கூடுதல் காசா?

கூடுதல் இல்லை. உங்கள் சம்பளத்திலேயே ஒரு துண்டை வெட்டி "வெளியூர்ச் சாப்பாட்டுச் செலவு" என்று பெயர் மாற்றித் தருகிறார்கள். அந்தத் துண்டுக்கு வரி கிடையாது. 2024 அக்டோபரிலிருந்து போக்குவரத்துத் துறையினருக்கு வரித்துறையான ஐஆர்எஸ் ஒப்புக்கொள்ளும் தொகை நாளுக்கு 80 டாலர்.

60 சென்ட்டில் 12 சென்ட் பெர் டியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 1,15,000 மைல் ஓட்டினால் 13,800 டாலருக்கு வரி இல்லை. 12 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு வருமான வரியில் 1,656 டாலரும், சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தமான 7.65 சதவீதத்தில் 1,055 டாலரும் மிச்சம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெர் டியம் திட்டத்தில் சேர்ந்தால் "நிர்வாகச் செலவு" என்று மைலுக்கு 1, 2 சென்ட் குறைக்கும் கம்பெனிகள் உண்டு. 2 சென்ட் என்றால் 2,300 டாலர் போயிற்று. இத்தனைக்கும் அந்த 13,800க்குத் தன் பங்கு 7.65 சதவீதத்தைக் கட்டாமல் கம்பெனியும் மிச்சம் பிடிக்கிறது.

வேறு விளைவுகளும் உண்டு. வரி படிவத்தில் சம்பளம் குறைவாகத் தெரிவதால் வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி முகம் சுளிக்கலாம். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் அதிகச் சம்பளம் வாங்கிய 35 வருடங்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது, அதிலும் இந்தத் தொகை சேராது. வேலையில் அடிபட்டால் கிடைக்கும் நஷ்டஈடும் குறையலாம். மறுபுறம், 2018 முதல் கம்பெனி டிரைவர் தன் சாப்பாட்டுச் செலவைத் தானே ஃபெடரல் வரியில் கழிக்க வழியில்லை. இரண்டு வருடத்துக்குள் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம் என்பேன். இல்லையென்றால், ரேட்டைக் குறைக்காத கம்பெனியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

விளம்பரத்தில் "70 சென்ட் வரை" என்று இருக்கிறது. "வரை" என்றால்?

அந்தச் சொல்லுக்குள் பலதை ஒளித்து வைக்கலாம். 70இல் 5 சென்ட் பாதுகாப்பு போனஸாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு சின்ன உரசல்கூட இல்லாமல் ஓட்டினால் மட்டும் வரலாம். டீசல் மிச்சம் பிடித்ததற்கு 2 சென்ட் இருக்கலாம். குறைந்த தூர லோடுக்கு அதிக ரேட், நீண்ட தூரத்துக்குக் குறைந்த ரேட் என்று படிப்படியாக வைத்திருப்பார்கள், விளம்பரத்தில் போடுவது 100 மைலுக்குள் உள்ள படியை. அடிப்படை ரேட் என்ன என்று கேட்டு, அதை மட்டும் கணக்கில் வையுங்கள். போனஸ் வந்தால் தீபாவளிச் செலவுக்கு ஆகட்டும்.

இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் டீம் வேலையில் இன்னொரு சிக்கல். 80 சென்ட் என்றால் வண்டிக்கு 80, ஆளுக்கு 40. வண்டி ஓடும் மொத்த மைலுக்கும் ஆளுக்கு 40 கிடைப்பதால் தொகை மோசமாக இருக்காது. ஆளுக்கு 80 என்று நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவரை எனக்குத் தெரியும்.

15,000 டாலர் ஸைன்-ஆன் போனஸ்?

எப்போது, எத்தனை தவணையில் என்று கேளுங்கள். முதல் மாதம் 1,000, ஆறு மாதத்தில் 2,000, மீதி இரண்டு வருடத்தில் என்று இருக்கும். நடுவில் கிளம்பினால் வாங்கியதையும் திருப்பித் தர வேண்டியிருக்கலாம். முதல் வருடத்தில் அதில் 5,000 டாலர் கைக்கு வந்தது என்று வைத்து, 1,15,000 மைலால் வகுத்தால் மைலுக்கு 4.3 சென்ட். அதுவும் ஒரு வருடத்துக்கு மட்டும். பெரிய போனஸ் கொடுத்து ஆள் பிடிக்கிற கம்பெனியில் ஆள் ஏன் நிற்பதில்லை என்றும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கம்பெனி செலவில் லைசென்ஸ் பயிற்சி எடுத்திருந்தால் ஒப்பந்தத்தை இரண்டு தடவை படியுங்கள். ஒரு வருடத்துக்குள் விலகினால் முழுப் பயிற்சிக் கட்டணத்தையும் கட்டச் சொல்லும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

வாரம் 1,400 டாலர் நிச்சயம் என்கிறது ஒரு கம்பெனி. இது நல்லதுதானே?

நல்லதுதான், நிபந்தனை சின்னதாக இருந்தால். ஏழு நாளும் தயாராக இருக்க வேண்டும், ஒரு லோடைக்கூட மறுக்கக் கூடாது, வீட்டுக்குப் போகும் வாரத்துக்குக் கேரண்டி இல்லை என்று மூன்று வரி சேர்ந்தால் மாதத்தில் ஒரு வாரம் அது கிடைப்பதே கஷ்டம். நிபந்தனை நியாயமாக இருந்தால், மைல் ரேட்டைவிட இந்த எண்ணுக்கு அதிக மதிப்புக் கொடுப்பேன். வண்டியைச் சும்மா நிறுத்தினால் கம்பெனிக்கும் வலிக்கும் என்பதால் லோட் தேடிக் கொடுப்பார்கள்.

இன்சூரன்ஸ், லீவு எல்லாம் எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

எல்லாவற்றையும் சென்ட்டாக மாற்றிவிடுங்கள். குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு கம்பெனி வாரம் 150 டாலர் பிடிக்கிறது, இன்னொன்று 60 என்றால் வித்தியாசம் வருடத்துக்கு 4,680 டாலர். 1,15,000 மைலுக்கு மைல் ஒன்றுக்கு 4 சென்ட். 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் கம்பெனி போடும் பங்கு, சம்பளத்தோடு கூடிய விடுமுறை எல்லாவற்றையும் இதேபோல் போடலாம். ஊரில் அப்பா அம்மாவைப் பார்க்க வருடம் ஒருமுறை நாலு வாரம் போகிறவரா? அவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் விடுவார்களா, அந்த மாதம் காப்பீட்டுப் பிடித்தம் என்ன ஆகும் என்று சேரும் முன்பே கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் டிஸ்பாட்சர் கையை விரிப்பார்.

மாதம் இரண்டு தடவைதான் வீட்டுக்கு வர முடியும் என்றால் சம்பளம் போதுமா?

அது வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது. நான் ஓர் எண் மட்டும் தருகிறேன். 14 நாள் வெளியே இருந்து 3,000 டாலர் சம்பாதித்தால், வெளியே இருந்த 336 மணி நேரத்துக்கு மணிக்கு 8 டாலர் 93 சென்ட். தூங்கிய நேரமும் அதில் சேரும் என்பது உண்மைதான், ஆனால் தூங்கியது ட்ரக் ஸ்டாப்பில், பக்கத்து ரீஃபர் இஞ்சின் சத்தத்தில். தினமும் வீடு திரும்பும் லோக்கல் வேலை மணிக்கு 26 டாலர் என்றால், வருட மொத்தம் கொஞ்சம் குறைந்தாலும் அந்தப் பக்கம் சாய்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பல வாடிக்கையாளர்களின் சரக்கை ஒரே ட்ரெய்லரில் சேர்த்து ஓட்டும் எல்டிஎல் கம்பெனிகளின் லைன்ஹால் வேலை இரண்டுக்கும் நடுவில் ஒன்று: இரவு ஓர் ஊருக்குப் போய் ட்ரெய்லர் மாற்றிக்கொண்டு திரும்புவது. மைலுக்கும் காசு, டாக் வேலைக்கும் காத்திருப்புக்கும் பல இடங்களில் மணிக்கூலி. அனுபவம் இல்லாமல் நுழைவதுதான் கடினம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமானால், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே கணக்கில் கனரக ட்ரக் டிரைவர்களின் இடைநிலை வருடச் சம்பளம் 57,440 டாலர். பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்.

ஃப்ளாட்பெட், ரீஃபர் எல்லாம் அதிக ரேட் தருகிறார்களே?

வேலையும் அதிகம். மூடியில்லாத ட்ரெய்லரான ஃப்ளாட்பெட்டில் சங்கிலி, ஸ்ட்ராப், மேலே போர்த்தும் டார்ப் எல்லாம் நம் கையால். குளிர்காலத்தில் விறைத்த டார்ப்பை ஏற்றி விரித்தால் ஒரு மணி நேரம் போய்விடும். டார்ப்புக்குத் தனிக் காசு உண்டா என்று கேளுங்கள். ரீஃபரில் காத்திருப்பு அதிகம், மேலே சொன்ன கோழிக் கதைதான்.

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

"அண்ணை, இஞ்ச எல்லாம் கிலோமீட்டர், சம்பளம் மட்டும் ஏன் மைலில?" என்று ஒருவர் கேட்டார். அங்கேயும் நெடுந்தூர டிரைவர்களுக்கு மைல் கணக்குதான் வழக்கம். ஆகவே வகுக்கும் முறை அதேதான், சில எண்கள் மாறும்.

முதலில் அது கனடிய சென்ட்டா அமெரிக்க சென்ட்டா என்று பாருங்கள். எல்லை தாண்டும் வேலையில் விண்ட்சர் அம்பாசடர் பாலத்திலோ ஃபோர்ட் ஈரியிலோ நிற்கும் நேரத்துக்கு, ஒவ்வொரு தடவையும், தனித் தொகை உண்டா என்று கேளுங்கள். கனடா டிரைவர் அமெரிக்காவுக்குள் ஓர் ஊரில் ஏற்றி இன்னொரு அமெரிக்க ஊரில் இறக்கக் கூடாது. அதனால் திரும்பும் லோடுக்குக் காத்திருக்கும் நாட்களும் காலி மைலும் கூடும்.

ஓவர்டைமில் கனடா பரவாயில்லை. மாகாணம் தாண்டி ஓட்டும் நெடுஞ்சாலை டிரைவருக்கு ஃபெடரல் விதிப்படி வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் உண்டு, நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு 45க்கு மேல். வரியிலும் டிஎல்2 படிவத்தைக் கம்பெனியிடம் கையெழுத்து வாங்கிச் சாப்பாட்டுச் செலவைக் கழிக்கலாம். நெடுந்தூர டிரைவருக்கு அதில் 80 சதவீதம் வரை.

இதெல்லாம் நீங்கள் உண்மையான ஊழியராக இருந்தால்தான். "சொந்தமாக ஒரு கார்ப்பரேஷன் திற, பிடித்தமே இல்லாமல் முழுக் காசும் தருகிறேன்" என்று சொல்லும் முறைக்கு அங்கே டிரைவர் இன்க் என்று பெயர். வண்டி கம்பெனியுடையது, டிஸ்பாட்ச் கம்பெனியுடையது, ஆனால் நீங்கள் ஊழியர் இல்லையாம். ஓவர்டைம், விடுமுறைக் காசு, வேலையிழப்புக் காப்பீடு எல்லாம் போகும், வரித்துறையின் கேள்விகள் மட்டும் உங்களிடம் வரும். ரேட் 10 சென்ட் கூடத் தெரிந்தாலும் எடுக்க வேண்டாம்.

ரெக்ரூட்டர் சொல்வது உண்மையா என்று எப்படிச் சரிபார்ப்பது?

நீங்கள் சேரப்போகும் அதே ஃப்ளீட்டில், உங்களைப் போன்ற அனுபவமுள்ள ஒருவரின் கடைசி ஆறு வாரச் செட்டில்மெண்ட்டைப் பெயரை மறைத்து அனுப்பச் சொல்லுங்கள். முடியாது என்றால் சராசரி "பெய்ட்" மைலை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். போனில் 2,800 என்றவர் மெயிலில் 2,300 என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட நல்ல வழி ட்ரக் ஸ்டாப். அந்தக் கம்பெனி வண்டியைப் பார்த்தால் டீசல் போடும்போது இரண்டு வார்த்தை பேசுங்கள். "சம்பளம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள், யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். "போன வாரம் எத்தனை மைல், எத்தனை நாள் சும்மா நின்றீர்கள்" என்று கேட்டால் கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

முதல் சம்பளம் பாதிதான் வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. வாரக் கணக்கை ஒரு நாளில் மூடுவார்கள், செவ்வாய் இரவு என்று வைத்துக்கொள்வோம். டெலிவரி முடிந்து கையெழுத்தான சரக்குச் சீட்டை, அதாவது பில் ஆஃப் லேடிங்கை, ஸ்கேன் செய்து அனுப்பிய லோடுதான் அந்த வாரத்தில் சேரும். புதன் காலை இறக்கிய 1,600 மைல் லோட் அடுத்த சம்பளத்தில் வரும். நாலு வாரம் பார்த்துச் சராசரி எடுங்கள். அதுவரை ஒவ்வொரு லோடுக்கும் ஏற்றிய ஊர், இறக்கிய ஊர், ஓடோமீட்டர், கேட்டில் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பேரோல் ஆளிடம் பேசும்போது "ஏதோ குறையுது" என்பவருக்கும், "லோட் எண் இது, 112 மைல் குறைகிறது" என்பவருக்கும் கிடைக்கும் பதில் வேறு.

சேர்ந்த பிறகு சொன்னது ஒன்று, நடப்பது ஒன்று. விட்டுவிடலாமா?

விடலாம், ஆனால் வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு பஸ் ஏறாதீர்கள். கோபத்தில் ஏதோ ஒரு ட்ரக் ஸ்டாப்பில் சாவியை வைத்துவிட்டுப் போனால், வண்டியைக் கைவிட்டவர் என்று உங்கள் டிஏசி வேலை வரலாற்று அறிக்கையில் பதிந்துவிடுவார்கள். அடுத்த கம்பெனி முதலில் பார்ப்பது அதைத்தான். கையிலிருக்கும் லோடை இறக்குங்கள், எழுத்தில் தகவல் கொடுங்கள், வண்டியைக் கம்பெனி டெர்மினலில் ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது டயர், ஃபெண்டர், கேபின் உட்புறம், ஓடோமீட்டர் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சம்பளத்தில் "வண்டி சுத்தம் செய்ய 300 டாலர்" என்று ஒரு வரி வந்தால் அப்போது அந்தப் படங்கள் தேவைப்படும்.